எண் பட்டை ஏலமும் தோட்டத்து இனிப்புநீரும்



நெகிரி செம்பிலான் மாநிலத்தில் பதிவான வாகனத்தை அடையாளம் காண்பது எளிது. அதன் எண் பட்டை 'என்' என்ற எழுத்தில் தொடங்கும். சிரம்பானில் ஓடும் காராக இருந்தாலும், பகாவ் தோட்டத்துச் செம்மண் சாலையில் போகும் பழைய மோட்டார் சைக்கிளாக இருந்தாலும் அதே எழுத்துதான்.

இந்த மாநிலத்துக்கு இன்னோர் அடையாளமும் வந்து சேர்ந்தது. அது பெருமைப்படத்தக்கது அல்ல. 2019ஆம் ஆண்டு சுகாதார அமைச்சு நடத்திய தேசிய சுகாதார ஆய்வில், நாட்டிலேயே இனிப்புநீர் நோய் மிக அதிகமாகக் காணப்பட்ட மாநிலம் நெகிரி செம்பிலான். நாட்டின் சராசரி 18.3 விழுக்காடாக இருந்தபோது, இந்த மாநிலத்தில் அது 33.2 விழுக்காடு. பெரியவர்கள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தால் அவர்களில் ஒருவருக்கு இனிப்புநீர் என்று பொருள். இனவாரியாகப் பார்த்தாலும் அதே ஆய்வில் முதலிடம் இந்தியர்களுக்குத்தான். 31.4 விழுக்காடு.

நெகிரி செம்பிலான் தோட்டத்துத் தமிழன் இந்த இரண்டு கணக்குகளிலும் இடம்பெறுகிறான். அவனுக்கு இந்நோய் பற்றிய விழிப்புணர்வை எப்படிக் கொண்டு சேர்ப்பது? அதற்குப் பணம் எங்கிருந்து வரும்? வாகன எண் பட்டை விற்று அந்தப் பணத்தைத் திரட்ட முடியுமா? இன்றைய உரையின் பொருள் இதுதான்.

கொய்னா கொடுத்த காலம்

பழைய தோட்டங்களில் விடியுமுன்பே பெரட்டு நடக்கும். ஆண்களும் பெண்களும் வரிசையில் நிற்பார்கள். கிராணி பேர் படிப்பார். அந்த வரிசையிலேயே தோட்டத்து டிரெசர் மலேரியாவுக்குக் கொய்னா கொடுத்த காலம் ஒன்று உண்டு. கசப்பு தாங்காமல் துப்பிவிடுவார்கள் என்று, விழுங்கும்வரை பக்கத்திலேயே நின்று பார்ப்பார்களாம். பழைய ஆட்கள் இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

சிரிக்கக்கூடிய கதைதான். ஆனால் அதில் ஒரு பாடம் இருக்கிறது. நோயாளி மருத்துவரைத் தேடி வரட்டும் என்று அன்று யாரும் காத்திருக்கவில்லை. தொழிலாளி நிற்கும் இடத்துக்கே மருந்து போனது. நிர்வாகத்துக்கு அதில் சுயநலம் இருந்தது. ஆள் படுத்துவிட்டால் பால் குறையும். காரணம் எதுவாக இருந்தாலும், மருந்து வரிசைக்கு வந்தது. தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்வதற்கென்றே 1965இல் தனிச் சட்டம் வந்தது என்றால் டிரெசரின் இடம் எவ்வளவு முக்கியமானது என்பது விளங்கும்.

இனிப்புநீர் கொசுவால் வருவதில்லை. காய்ச்சலைப் போல ஆளைப் படுக்க வைப்பதும் இல்லை. ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் உடம்புக்குள் இருக்கும். கண், சிறுநீரகம், கால் நரம்பு என்று ஒவ்வொன்றாகக் கெடுக்கும். வலி இல்லாததால் தேடிப் போக வேண்டும் என்ற எண்ணமே வருவதில்லை. வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டிய நோய் ஒன்று உண்டென்றால் அது இதுதான். ஆனால் அந்தப் பழைய வரிசை இன்று பெரும்பாலான இடங்களில் இல்லை.

வேலை போனது, சாப்பாடு போகவில்லை

பால்மரம் சீவியவரின் அன்றாட வாழ்க்கையை நினைத்துப் பார்க்க வேண்டும். இருட்டோடு எழுந்து, கட்டிப்பால் கலந்த தேத்தண்ணியோ சீனி போட்ட வரக்கோப்பியோ குடித்துவிட்டு மலைக்காட்டுக்குப் போவார். நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவி, மேடும் பள்ளமும் ஏறி இறங்கி, பாலைக் காண்டா போட்டுத் தூக்கி ஸ்டோருக்குக் கொண்டு வருவார். திரும்பி வந்து ஒரு தட்டு நிறையச் சோறு சாப்பிடுவார். அந்தச் சோறும் சீனியும் அந்த உழைப்பில் எரிந்துபோயின.

பிறகு பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள். வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள். லாபு, நீலாய், செண்டாயான் பக்கங்களில் மரங்கள் நின்ற இடத்தில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன. தோட்டத்துப் பிள்ளைகள் தொழிற்சாலைக்கும், காவல் வேலைக்கும், லோரி ஓட்டவும் போனார்கள். உட்கார்ந்து செய்கிற வேலை, மாறி மாறி வரும் இரவு வேலை. உழைப்பு மாறிவிட்டது, சாப்பாட்டுத் தட்டு மாறவில்லை. அதே சோறு, அதே கட்டிப்பால். போதாததற்கு இப்போது டின் பானமும் சேர்ந்துகொண்டது.

இதில் உடல்வாகும் ஒரு காரணம். மற்றவர்களைவிடக் குறைந்த எடையிலேயே தெற்காசியர்களுக்கு இந்நோய் வருகிறது. "ஆள் ஒல்லிதானே, இவருக்கு ஏது இனிப்புநீர்?" என்ற பேச்சு தோட்டங்களில் சாதாரணம். அந்தப் பேச்சு ஆபத்தானது. வயிறு மட்டும் சற்றுப் பருத்த ஒல்லியான ஆளுக்கும் இந்நோய் வரும்.

2023ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் சராசரி 15.6 விழுக்காடாக இறங்கியது. நல்ல செய்திதான். ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் தெரியவந்தது. இனிப்புநீர் உள்ள ஐந்து பேரில் இருவருக்கு அது தங்களுக்கு இருப்பதே தெரியாது. 18 முதல் 29 வயதுக்கு உட்பட்டவர்களில் நிலைமை இன்னும் மோசம். அந்த வயதில் நோய் உள்ளவர்களில் 84 விழுக்காட்டினர் அதை அறியாமலேயே நடமாடுகிறார்கள்.

கிளினிக் இருக்கிறது, ஆனால்…

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது நியாயமாகாது. அரசாங்கக் கிளினிக்கில் மலேசியக் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி. உதவித் தொகை பெறும் குடும்பங்களில் 40 வயதைத் தாண்டியவர்களுக்குப் பெக்கா பி40 திட்டத்தில் இலவசப் பரிசோதனை உண்டு. தகுதி உள்ளவரின் துணைவருக்கும் உண்டு.

அப்படியானால் இடைவெளி எங்கே? முதலாவது, வயது. அறிகுறி இல்லாவிட்டாலும் 30 வயதிலிருந்தே பரிசோதிக்க வேண்டும் என்பது நம் நாட்டு மருத்துவ வழிகாட்டியின் பரிந்துரை. இலவசத் திட்டம் தொடங்குவதோ 40இல். இடைப்பட்ட பத்து ஆண்டுகளில் நோய் வேர்விட்டுவிடும். இரண்டாவது, தூரம். ஜெராம் பாடாங் போன்ற ஒரு தோட்டத்திலிருந்து கிளினிக்குப் போக ஒரு நாள் சம்பளத்தை விட வேண்டியிருக்கும். வலிக்காத நோய்க்காக யார் ஒரு நாள் சம்பளத்தை விடுவார்கள்? மூன்றாவது, மொழியும் பழக்கமும். சுவரொட்டியில் இருக்கும் அறிவுரை, ரசத்தையும் தோசையையும் முறுக்கையும் அறிந்து பேசுவதில்லை.

ஒரு குடும்பத் தலைவரை எண்ணிப் பார்க்கலாம். வயது 48. காலில் சிறு கொப்புளம். சப்பாத்து கடித்தது என்று விட்டுவிட்டார். மரத்துப்போன கால், வலி தெரியவில்லை. மூன்று வாரத்தில் புண் கறுத்தது. மருத்துவமனைக்குப் போன அன்றுதான் இனிப்புநீர் இருப்பதும் தெரிந்தது, விரலை எடுக்க வேண்டும் என்பதும் தெரிந்தது. இது கற்பனை மனிதர்தான். ஆனால் இவரைப் போல ஒருவரை அறியாத நேயர் குறைவாகத்தான் இருப்பார்.

நம் நாட்டில் புதிதாக டயாலிசிஸ் தொடங்குகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இனிப்புநீரால் சிறுநீரகம் கெட்டவர்கள். வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம். அந்த மனிதர் எந்த முதலாளியிடம் நிலையான வேலை பார்க்க முடியும்? விழிப்புணர்வு என்ற சொல்லின் உண்மையான விலை இங்கேதான் தெரிகிறது.

எண்ணுக்கு இருக்கும் மவுசு

இனி பணத்துக்கு வருவோம். மலேசியர்களுக்கு வாகன எண்ணின் மேல் ஒரு மோகம் உண்டு. 2012ஆம் ஆண்டு 'டபள்யூ டபள்யூ டபள்யூ 1' என்ற எண் 5 லட்சத்து 20,000 வெள்ளிக்கு ஏலம் போனது. விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தில் சீனி பார்க்கும் துண்டு ஒன்றுக்குத் தாராளமாக இரண்டு வெள்ளி என்று வைத்துக்கொண்டாலும், அந்த ஓர் எண்ணின் விலையில் 2 லட்சத்து 60,000 பேரைப் பரிசோதித்துவிடலாம்.

சிறப்பு எண் வரிசைகளும் நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1998 காமன்வெல்த் போட்டியை ஒட்டி 'சுக்கோம்' என்ற எழுத்துகளோடு எண்கள் வந்தன. 2003இல் கோலாலம்பூரில் அணிசேரா நாடுகளின் மாநாடு நடந்தபோதும் சிறப்பு வரிசை வந்தது. பின்னர் 'பேட்ரியட்' போன்ற வரிசைகள் வந்தன. 2019 முதல் சாலைப் போக்குவரத்து இலாகா எண் ஏலத்தை இணையத்திலேயே நடத்துகிறது. ஆக, எழுத்தும் ஏலமும் வாங்குகிற ஆளும் இங்கே ஏற்கெனவே உண்டு.

இந்த ஆசையைப் பொதுநலத்துக்குத் திருப்பிய நாடுகள் உண்டு. ஹாங்காங்கில் சிறப்பு எண்களை 1973 முதல் ஏலம் விடுகிறார்கள். செலவு போக மீதிப் பணம் சமூகநலப் பணிகளுக்கான நிதியில் சேர்கிறது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், 1986இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்து எழுவர் மாண்ட பிறகு, அவர்கள் நினைவாக 1987இல் ஒரு சிறப்பு எண் பட்டை வந்தது. அதன் வெற்றியைப் பார்த்து, பல்கலைக்கழகம் முதல் வனவிலங்கு, நோய்த் தடுப்பு வரை பல காரியங்களுக்குப் பட்டைகள் வந்தன. 2023 ஏப்ரலில் துபாயில் 'பி 7' என்ற எண் 5 கோடியே 50 லட்சம் திர்ஹாமுக்கு ஏலம் போனது. அந்தப் பணம் ஏழைகளின் உணவுத் திட்டத்துக்குப் போனது.

அப்படியானால் மலேசியாவில் இனிப்புநீர் விழிப்புணர்வுக்காக ஒரு வரிசை வந்தால் என்ன? நம் நாட்டுப் பட்டையில் படம் கிடையாது, எழுத்தும் எண்ணும் மட்டும்தான். எழுத்துக்குப் பஞ்சமா? கடையில் தேத்தண்ணி கேட்கும்போது 'குராங் மானிஸ்' என்று சொல்வது எல்லா இனத்தவருக்கும் பழக்கமான வழக்கு. 'மானிஸ்' என்ற சொல்லைத் தாங்கிய எண் ஒன்று நெடுஞ்சாலையில் முன்னால் போனால், பின்னால் வருகிறவர் அடுத்த கடையில் நிறுத்தும்போது சற்று யோசிக்கமாட்டாரா?

யார் கொடுக்கும் பணம்?

இதற்கு மறுப்பும் உண்டு. "மக்கள் உடல்நலம் அரசாங்கத்தின் கடமை. பணக்காரர் ஆசைப்பட்டு எண் வாங்கினால்தான் ஏழைக்குப் பரிசோதனையா?" என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. சிகிச்சை, மருந்து, மருத்துவர் ஆகியவற்றை ஒருநாளும் எண் பட்டையின் தயவில் விடக்கூடாது. அவை வரிப்பணத்தில்தான் நடக்க வேண்டும். பட்டைப் பணம் வீட்டுக்கும் கிளினிக்குக்கும் இடையே உள்ள தூரத்தைக் கடக்க மட்டும்தான்.

இன்னொன்றையும் சீர்தூக்கிப் பார்க்க வேண்டும். இனிப்புப் பானங்களுக்கு 2019 ஜூலை முதல் லிட்டருக்கு 40 காசு வரி வந்தது. 2024இல் 50 காசு, 2025இல் 90 காசு என்று அது ஏறியது. சீனியைக் குறைக்க அது நல்ல வழி. ஆனால் அந்த வரியைப் பெரும்பாலும் கொடுப்பவர் யார்? வெயிலில் வேலை செய்து களைத்து டின் பானம் வாங்கும் தொழிலாளியும்தான். எண் பட்டையோ விருப்பம் உள்ளவர், வசதி உள்ளவர் வாங்குவது. வேண்டாம் என்றால் சாதாரண எண் இருக்கிறது. யாருடைய சோற்றிலும் கை வைக்காத பணம் அது.

ஆனால் ஒரு பலவீனத்தை மறைக்கக்கூடாது. அமெரிக்காவில் சிறப்புப் பட்டை வைத்திருப்பவர் பதிவைப் புதுப்பிக்கும்போதெல்லாம் அதற்கான தொகையையும் கட்டுகிறார். நம் நாட்டில் எண்ணுக்கு ஒரே தடவைதான் பணம். முதல் ஆண்டு ஆரவாரம், இரண்டாம் ஆண்டு அமைதி. ஆரவாரத்தை நம்பித் தோட்டத்துக்கு ஒரு தாதியை அனுப்பினால், பணம் தீர்ந்ததும் அவர் வராமல் போவார். நோயாளி பாதியில் நிற்பார். அது ஒன்றுமே செய்யாததைவிடக் கொடுமை.

அதனால்தான் நிபந்தனைகள் வேண்டும். ஏலத்தில் வரும் தொகை முழுவதையும் ஓராண்டில் செலவழிக்காமல் முதலாக வைத்து, பல ஆண்டுகளுக்குப் பிரித்துச் செலவிட வேண்டும். ரோட் டாக்ஸ் புதுப்பிக்கும்போது விருப்பம் உள்ளவர்கள் ஒரு வெள்ளி சேர்த்துக் கட்டும் வசதியும் வந்தால் வருமானம் நிலைக்கும். எல்லாவற்றுக்கும் மேலாகக் கணக்கு. புளோரிடாவில் பட்டைப் பணம் பெறும் அமைப்புகள் ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும். போதிய அளவு விற்காத பட்டை நிறுத்தப்படும். எத்தனை எண் விற்றது, எவ்வளவு வந்தது, எந்தத் தோட்டத்தில் எத்தனை பேரைப் பரிசோதித்தார்கள் என்று இங்கேயும் ஆண்டுக்கு ஒருமுறை பத்திரிகையில் வர வேண்டும். விருந்துக்கும் மேடைக்கும் பொன்னாடைக்கும் போன பணம் எவ்வளவு என்பதும் அதில் தெரிய வேண்டும்.

பணம் வந்தால் என்ன செய்வது?

மண்டபத்தில் ஒரு நாள் முகாம், மேடையில் நான்கு பேச்சு, சாப்பாட்டுப் பொட்டலத்தோடு ஓர் இனிப்புப் பானம். இதுவல்ல விழிப்புணர்வு.

வேலைக்குப் போகுமுன் காலையில் ஆட்கள் கூடும் இடத்துக்கே வர வேண்டும். வெறும் வயிற்றில் விரல் குத்திப் பார்க்க வேண்டும். அளவு கூடுதலாக இருப்பவரைக் கிளினிக்குக்கு அழைத்துச் சென்று உறுதிப்படுத்த வேண்டும். வெறும் வயிற்றில் எடுக்கும் ரத்தத்தில் 7 மில்லிமோலும் அதற்கு மேலும் என்பது நோயைக் காட்டும் அளவு. மூன்று மாதம் கழித்து அதே ஆளைத் தேடி மறுபடியும் வர வேண்டும். இந்த இரண்டாவது வருகைதான் முக்கியம். முதல் முறை வந்தவரை மக்கள் வேடிக்கை பார்ப்பார்கள். மறுபடியும் வருகிறவரைத்தான் நம்புவார்கள்.

நெகிரி செம்பிலானில் 61 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பல பள்ளிகள் தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றன. தோட்டம் சிதறினாலும் பள்ளி அந்த மக்களை ஒரு நூலில் கட்டி வைத்திருக்கிறது. பெற்றோர் கூட்டத்துக்கு வருகிற தாய் தந்தையரில் பலர் 30க்கும் 40க்கும் இடைப்பட்டவர்கள். எந்த வயதை இலவசத் திட்டம் விட்டுவிடுகிறதோ அந்த வயது. பட்டைப் பணத்துக்கு இதைவிடப் பொருத்தமான முதல் வேலை இல்லை. கோயில் திருவிழாவில் நீர்மோர்ப் பந்தலுக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டாலும் போதும்.

சமையல் அறிவுரையும் நம் அடுப்பங்கரையை அறிந்ததாக இருக்க வேண்டும். சோற்றை விடு என்றால் யாரும் விடமாட்டார்கள். சோற்றைப் பாதியாக்கிக் கீரையையும் காயையும் கூட்டு என்றால் கேட்பார்கள். தேத்தண்ணியில் கட்டிப்பாலை ஒரு கரண்டி குறை என்றால் அடுத்த மாதம் இன்னொரு கரண்டி குறையும். இதைச் சொல்ல வருகிறவர் அந்த மண்ணின் பெண்ணாக இருந்தால், 'அக்கா' என்று அழைத்துப் பேசத் தெரிந்தவராக இருந்தால், பாதி வேலை முடிந்தது.

எண் பட்டைத் திட்டம் வருமா, வராதா என்பது அமைச்சும் இலாகாவும் முடிவு செய்ய வேண்டியது. நம் இயக்கங்கள் கோரிக்கை வைத்தால்தான் அந்தப் பேச்சே தொடங்கும். கேட்பதற்கு முன்னால், பணத்தைக் காக்கும் நிபந்தனைகளையும் எழுதிக்கொண்டு போக வேண்டும்.

அதுவரை காத்திருக்க வேண்டாத காரியம் ஒன்று இருக்கிறது. 30 வயதைத் தாண்டியும் இதுவரை ரத்தத்தில் சீனி பார்த்திராதவர் எவரேனும் இந்த வீட்டில் இருந்தால், இந்த வாரமே கிளினிக்குக்குப் போய்ப் பார்க்கட்டும். தோட்டத்தில் இருக்கும் அப்பாவையோ அத்தையையோ காரில் ஏற்றிக்கொண்டு போகட்டும். அந்தக் காரின் எண் எதுவாக இருந்தாலும் சரி. கிளினிக் கட்டணம் ஒரு வெள்ளிதான்.